இவாப்பரேட்: ஆவியாதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் பாடங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மாணவர்களும் புதிதாக மொழிபெயர்க்க வருகிறவர்களும் ‘இவாப்பரேட்’ என்ற ஒரு சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். எளிய சொல்தானே என்று கடந்துபோகிறவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள்.

இந்தச் சொல்லின் பொருள் என்ன?

ஒரு திரவம் தன் மேற்பரப்பிலிருந்து சிறிது சிறிதாக ஆவியாக மாறிக் காற்றில் கலப்பதே இவாப்பரேட் ஆவது. அதற்குக் கொதிநிலை தேவையில்லை. முற்றத்தில் தெளித்த நீர் அரைமணி நேரத்தில் காணாமல் போகிறதல்லவா, அதுதான். நம் பாடநூல்களில் இதன் பெயர் ‘ஆவியாதல்’. தானாக நடந்தால் ‘ஆவியாகு’, நாம் நடத்தினால் ‘ஆவியாக்கு’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான். பெயர்ச்சொல் இவாப்பரேஷன்.

எப்படி உச்சரிப்பது?

நான்கு அசைகள். அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். அந்த அசையின் உயிரொலி தமிழில் இல்லாதது. ‘பேங்க்’ என்று எழுதிவிட்டு வாயால் வேறுமாதிரி சொல்கிறோமே, அந்த ஒலி. அச்சில் ‘இவாப்பரேட்’ என்றும் ‘எவாப்பரேட்’ என்றும் இரண்டு விதமாகவும் காணலாம். முதல் அசை குறுகிய ‘இ’ என்பதால் நான் முன்னதையே எழுதுகிறேன்.

இதன் வேர் எது?

லத்தீன். ‘வாப்போர்’ என்றால் ஆவி, ‘ஏ’ என்ற முன்னொட்டுக்கு ‘வெளியே’ என்று பொருள். ஆவியாக வெளியேறுவது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இந்த ‘வெளியே’ என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் சொல்லின் உருவகப் பயன்பாடுகளும் எளிதில் பிடிபடும். ஒன்று இருந்த இடத்தை விட்டு வெளியேறுகிறது. போகும்போது யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆவியைக் குறிக்கும் சொல்லைப் பிரிட்டனில் ஒரு விதமாகவும் அமெரிக்காவில் வேறு விதமாகவும் எழுதுகிறார்களே, இதற்கும் அப்படியா?

இல்லை. ‘வேப்பர்’ என்ற பெயர்ச்சொல்லில் மட்டும் பிரிட்டன்காரர்கள் கடைசி எழுத்துக்கு முன் ஒரு ‘யு’ எழுத்தைச் சேர்ப்பார்கள். இவாப்பரேட், இவாப்பரேஷன் ஆகியவற்றில் இரு நாட்டாருக்கும் அந்த எழுத்து கிடையாது.

கொதிப்பதற்கும் ஆவியாவதற்கும் என்ன வேறுபாடு?

கொதித்தல் திரவத்தின் உள்ளிருந்தே நடக்கிறது. அடியில் குமிழிகள் தோன்றி மேலே வந்து உடைகின்றன. அதற்குக் குறிப்பிட்ட வெப்பநிலை வேண்டும். கடல் மட்டத்தில் நீருக்கு அது 100 டிகிரி செல்சியஸ். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆகவே ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே நீர் கொதித்துவிடும்.

ஆவியாதல் மேற்பரப்பில் மட்டும் நடப்பது. அதற்கு இத்தனை டிகிரி என்ற வரம்பில்லை. நீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் இருப்பவற்றுள் வேகம் மிகுந்தவை மற்றவற்றின் பிடியை உதறிவிட்டு வெளியேறுகின்றன. வெயில், காற்றோட்டம், பரந்த மேற்பரப்பு, காற்றில் ஈரப்பதம் குறைவாக இருத்தல் ஆகிய நான்கும் இதை விரைவுபடுத்தும். ஈர வேட்டியைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் கொடியில் போடுவதற்கு இந்த நான்கில் மூன்று காரணங்கள் உண்டு.

அப்படியானால் ‘வேப்பரைஸ்’ என்ற சொல்?

அதில் வன்மை இருக்கிறது. லேசர் கதிர் பட்ட இடத்தில் உலோகம் நொடியில் ஆவியாவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். குளத்து நீருக்கு அது பொருந்தாது. இயற்பியலில் திரவம் ஆவியாக மாறும் எல்லா வழிகளுக்கும் பொதுப்பெயராக ‘வேப்பரைசேஷன்’ வரும். கொதித்தலும் இவாப்பரேஷனும் அதன் இரு வகைகள். தமிழில் ‘ஆவியாதல்’ என்ற ஒரே சொல்லை வேப்பரைசேஷன், இவாப்பரேஷன் இரண்டுக்கும் வைப்பதால் பாடநூல் வாசிக்கும் பிள்ளைகள் குழம்புகிறார்கள். வேறுபாடு முக்கியமாக இருக்கும் இடத்தில் ‘கொதிக்காமல் ஆவியாதல்’ என்று இரண்டு சொற்களாக எழுதுவதில் குற்றமில்லை.

எந்த வாக்கியத்தில் வந்தாலும் ‘ஆவியாகு’ என்று மொழிபெயர்த்துவிடலாமா?

கூடாது. என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி இதுதான்.

ஆங்கிலச் சொல் எப்போதும் திரவத்தின் பக்கம் நின்று பேசுகிறது: நீர் போய்விட்டது. தமிழ் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை. நீர் எங்கிருந்து போயிற்று, போனபின் என்ன மிஞ்சியது என்று பார்த்து அதற்கேற்ப வினையை எடுக்கிறது. நீர் கொண்டிருந்த இடத்தைப் பார்த்தால் வற்றுகிறது: குளம் வற்றியது, கிணறு வற்றியது. மிஞ்சியதன் கெட்டித்தன்மையைப் பார்த்தால் சுண்டுகிறது: குழம்பு சுண்டியது, பால் சுண்டியது. நனைந்திருந்த பொருளைப் பார்த்தால் காய்கிறது அல்லது உலர்கிறது: துணி காய்ந்தது, கூந்தல் உலர்ந்தது. ஈரம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமற்போனால் வறள்கிறது: நிலம் வறண்டது, தொண்டை வறண்டது. உடம்பின் வியர்வை ஆறுகிறது. “வியர்வை ஆறட்டும், பிறகு குளி” என்று வீட்டில் சொல்வார்கள். குமரி மாவட்டத்தில் நெல்லை வெயிலில் உணக்குவார்கள். விடியற்காலைப் பனி விலகுகிறது.

இத்தனைக்கும் ‘ஆவியாகியது’ என்று ஒரே வினையைப் போட்டு எழுதினால் அறிவியலில் பிழையில்லை. ஆனால் வாசிப்பவர் கண்ணில் காட்சி எழாது. ‘குழம்பிலுள்ள நீர் ஆவியானது’ என்று எழுதிய ஒரு சமையல் குறிப்பை நான் திருத்தியிருக்கிறேன். ‘குழம்பு சுண்டியதும் இறக்கவும்’ என்று மூன்றே சொல்லில் முடிகிற செய்தி அது. அளவும் பதமும்கூட அதற்குள் வந்துவிடுகின்றன. ஆகவே மொழிபெயர்க்கும்போது முதலில் கேட்டுக்கொள்ளவேண்டியது: இந்த வாக்கியம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? போகிற நீரையா, மிஞ்சுகிற பொருளையா? போகிற நீரையே பார்க்கிறது என்றால் ‘ஆவியாகு’ சரி. மழைச் சுழற்சியைப் பற்றிய பாடத்தில் அதைத் தவிர வேறு சொல் நிற்காது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘வற்றியது’ என்பதற்கு இவாப்பரேட் போடலாமா?

எச்சரிக்கை தேவை. ஏரி வற்றுவதற்குப் பல வழிகள் உண்டு. மதகு வழியே பாசனத்துக்குப் போகும், மண்ணுக்குள் இறங்கும், கொஞ்சம் ஆவியாகும். ‘வற்றியது’ எந்தக் காரணத்தையும் சொல்வதில்லை. அளவு குறைந்தது என்று மட்டும் சொல்கிறது. கடல் நீர் உள்வாங்குவதைக்கூட மீனவர்கள் வற்றம் என்பார்கள். அங்கே ஆவியாதலுக்கு இடமே இல்லை. பாசனத்துக்குத் திறந்துவிட்ட நீரை ஆங்கிலத்தில் இவாப்பரேட் ஆகிவிட்டது என்று எழுதினால் செய்தியே தவறாகிவிடும்.

உப்பளங்களில் நடப்பது இதுதானே?

இதேதான். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. இங்கே தூத்துக்குடிப் பகுதி முன்னணியில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் முக்கால் பங்குக்கு மேல் நாம் சாப்பிடும் உப்பு. அதைப் பிரிக்க விறகோ மின்சாரமோ செலவழிப்பதில்லை. ஆழமில்லாத பரந்த பாத்திகளில் நீரைத் தேக்கி வெயிலிடமும் காற்றிடமும் விட்டுவிடுகிறார்கள்.

நீர் குறையக் குறைய எல்லா உப்புகளும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். நீர் ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்தபிறகுதான் சாப்பாட்டு உப்பின் படிகங்கள் தோன்றும். அடர்த்தியை அளக்கப் போமே என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். சுமார் 25 டிகிரி போமேயில் உப்பு இறங்கத் தொடங்கும். அதை வாரி எடுக்காமல் மேலும் வற்றவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசப்பு ஏறிவிடும். அதனால் 29 டிகிரி வாக்கில் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவார்கள். எப்போது எந்தப் பாத்திக்கு நீரை மாற்றுவது என்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பமே இருக்கிறது.

இந்த ஊர்களில் எல்லோர் வாயிலும் வரும் சொல் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. உப்பு ‘விளைகிறது’ என்பார்கள். நெல் விளைவது போல, மஞ்சள் விளைவது போல. ஆங்கிலம் மேலே போன நீரைப் பேசுகிறது. உப்பளத்தில் நிற்பவர் காலடியில் வெள்ளையாக இறுகுவதைப் பேசுகிறார். நடப்பது ஒன்றே. வெயிலில் நின்று, கண் கூச, பாதம் வெடிக்க உழைப்பவர் தன் உழைப்பின் பலனை வினையாக்கிச் சொல்வதுதான் இயல்பு. ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்துபோனவர்கள் வேதாரண்யத்தில் எடுத்த உப்பும் இப்படி வெயிலில் விளைந்ததுதான். கடலும் கதிரவனும் தருகிற பொருளுக்கு ஆள்பவர் வரி கேட்கலாமா என்ற கேள்வி அன்று மக்கள் மனத்தில் தைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவாப்பரேடட் மில்க் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சிலர் ‘ஆவியாக்கப்பட்ட பால்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் பால் முழுவதும் காற்றில் போய்விட்டது என்றல்லவா பொருள்! பாலிலுள்ள நீரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை நீக்கி டப்பாவில் அடைத்தது அது. நம் அடுப்படியில் அதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: சுண்டக் காய்ச்சிய பால். ‘சர்க்கரை சேர்க்காத சுண்டிய பால்’ என்றால் இன்னும் தெளிவு. ஏனென்றால் கண்டென்ஸ்டு மில்க் என்பதும் நீர் நீக்கிய பால்தான், அதில் சர்க்கரை மிகுதியாகச் சேர்ந்திருக்கும். சிங்கப்பூரில் தேநீர்க் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு நாக்கிலேயே தெரியும். அங்கே ‘தே சி’ என்று கேட்டால் இவாப்பரேடட் பால் ஊற்றிய தேநீர் வரும். வெறுமனே ‘தே’ என்றால் இனிப்பான கண்டென்ஸ்டு பால் கலந்தது வரும்.

ஆய்வகக் குறிப்புகளில் ‘கரைசலை இவாப்பரேட் செய்க’ என்று வருகிறதே?

அங்கே நீக்கப்படுவது கரைப்பான் மட்டும். கரைந்திருந்த பொருள் கிண்ணத்தில் தங்கும். ‘கரைசலை ஆவியாக்குக’ என்று எழுதினால் மாணவர் இரண்டும் போய்விடும் என்று நினைக்கக்கூடும். ‘நீர் முழுவதும் வற்றும்வரை கரைசலைச் சூடாக்குக’ என்பது பாதுகாப்பான தமிழ்.

ஆவியானால் ஏன் குளிர்கிறது?

வேகம் மிகுந்த மூலக்கூறுகள் வெளியேறிவிட்டால் பின்தங்கியவை மெதுவானவை. மெதுவானவை என்றால் குளிர்ந்தவை. ஒரு கிராம் நீர் 30 டிகிரியில் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் இந்த வெப்பத்தைப் பானையிலிருந்தே வாங்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கிறது. பானையின் வெளிப்புறத்துக்குப் பளபளப்பாக வண்ணம் பூசிவிட்டால் துளைகள் அடைபட்டு அந்தக் குளிர்ச்சி போய்விடும். வறண்ட கோடையில் பானை நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது.

இதன் எல்லை எவ்வளவு தூரம் போகும் என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் பேராசிரியர் ஜான் ஹேட்லியும் 1758இல் கேம்பிரிட்ஜில் சோதித்தார்கள். வெப்பமானியின் குமிழை ஈதர் என்ற, விரைவில் ஆவியாகும் திரவத்தால் நனைத்து, துருத்தியால் ஊதி, அது உலர்ந்ததும் மீண்டும் நனைத்தார்கள். வெதுவெதுப்பான அறையிலேயே வெப்பநிலை நீரின் உறைநிலைக்கு வெகு கீழே, ஏறத்தாழ மைனஸ் 14 டிகிரிக்கு இறங்கியது; குமிழைச் சுற்றிப் பனிக்கட்டி படர்ந்தது. ஊசி போடுமுன் செவிலியர் தடவும் ஸ்பிரிட் தோலில் சில்லிடுவதும் இதே காரணத்தால்தான்.

ஆவியாகும் நீரை யாராவது அளந்திருக்கிறார்களா?

வால்நட்சத்திரத்தால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி அளந்தார். கடல்நீரின் அளவுக்கு உப்பிட்ட நீரைக் கலத்தில் ஊற்றி, கோடைக்காலச் சூட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு மணி நேரத்தில் எடை எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார். அதை மத்தியதரைக் கடலின் பரப்பால் பெருக்கி, அந்தக் கடல் ஒரு நாளில் 528 கோடி டன் நீரை இழக்கிறது என்று 1687இல் வெளியிட்டார். ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பது அதைவிட வெகு குறைவு என்றும் கணக்கிட்டார். ஒரு கிண்ணத்தையும் தராசையும் வைத்துக்கொண்டு ஒரு கடலை நிறுத்துப் பார்க்க முனைந்த அந்தத் துணிவு இன்றும் என்னை வியக்கவைக்கிறது. இன்றைய வானிலை நிலையங்களிலும் அடிப்படை அதேதான்: சுமார் 121 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள உலோகத் தொட்டியில் நீர்மட்டம் நாள்தோறும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். பறவைகள் குடித்துவிட்டால் கணக்கு தவறும் என்பதால் இங்கே அதன்மேல் கம்பிவலை போடுவார்கள்.

‘நம்பிக்கை இவாப்பரேட் ஆகிவிட்டது’ என்பது போன்ற வாக்கியங்களை எப்படி எழுதுவது?

இங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே முகம். தமிழில் எது போகிறதோ அதற்குத் தக்க வினை. பணம் கரைகிறது. கோபம் தணிகிறது, ஆறுகிறது. சந்தேகம் அகல்கிறது. கூட்டம் கலைகிறது. பயம் தெளிகிறது. நம்பிக்கை தளர்ந்து தளர்ந்து கடைசியில் பொய்க்கிறது. தேர்தலுக்குள் ஒரு கட்சியின் ஆதரவு போய்விட்டது என்றால் ‘கரைந்துவிட்டது’ என்பதே பொருத்தம்.

துன்பமோ பகையோ சட்டென்று விலகிப்போனதைச் சொல்ல நம்மிடம் உள்ள உவமையே ஆவியாதலைத்தான் காட்டுகிறது: கதிரவனைக் கண்ட பனி போல. லத்தீன்காரருக்கு ஒரு முன்னொட்டில் அடங்கியது நம்மவருக்குப் புல்நுனியில் ஒரு காட்சியாக வந்திருக்கிறது. ஆனால் அந்த உவமையை நல்லது போவதற்கு அவ்வளவாகச் சொல்வதில்லை. சேமிப்பு போனதற்கு அதைப் போட்டால் காதில் இடறும்.

‘பங்குச் சந்தையில் இத்தனை கோடி ஆவியானது’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. இதை நான் ஏற்கிறேன். தாளில் இருந்த மதிப்பு யார் கைக்கும் போகாமல் காணாமல் போவதை ‘கரைந்தது’ முழுதாகச் சொல்லவில்லை. கரைந்தது கரைசலுக்குள்ளேயே இருக்கும், ஆவியானது வெளியேறிவிடுகிறது.

‘ஆவி’ என்றால் உயிர் என்றும் பேய் என்றும் பொருள் வருகிறதே, குழப்பம் நேராதா?

இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். இட்லி ஆவியில் வேகிறது, சளிக்கு ஆவி பிடிக்கிறோம், ஒருவர் ஆவி பிரிகிறது. மூச்சு, உயிர், நீராவி மூன்றும் கண்ணுக்குத் தெரியாமல் வந்துபோகிறவை என்பதால் ஒரே சொல்லில் கூடியிருக்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஸ்பிரிட்’டும் அப்படித்தான்: மூச்சைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து ஆன்மாவையும் சாராயத்தையும் ஒருங்கே குறிக்கிறது. ஆனால் மனிதரை எழுவாயாக வைத்து ‘அவர் ஆவியானார்’ என்று எழுதவேண்டாம். வாசிப்பவர் இறந்துவிட்டார் என்றே கொள்வார்.

இட்லிப் பானையைத் திறந்ததும் வெண்மையாக எழுவதை ஆவி என்கிறோம். கறாராகப் பார்த்தால் நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது அது குளிர்ந்து சேர்ந்த நுண்துளிகளை.

கற்பூரம் குறைந்துபோவதும் இதுதானா?

இல்லை. திடப்பொருள் திரவமாகாமல் நேரே ஆவியாவது பதங்கமாதல். அந்துருண்டையும் அப்படியே.

ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மவர் செய்யும் பிழைகள் எவை?

இரண்டு அடிக்கடி வரும். ஒன்று, செயப்பாட்டு வினை. ‘ஆகிவிட்டது’ என்ற நம் பழக்கத்தில் ‘காட்’ என்ற துணைவினையைச் சேர்த்து ‘காட் இவாப்பரேடட்’ என்று எழுதுகிறார்கள். நீர் தானாகவே இவாப்பரேட் ஆகும். அந்தத் துணைவினை வேண்டியதில்லை. மற்றொன்று, எழுவாய். ‘துணி இவாப்பரேட் ஆனது’ என்று ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்தார். ஈரம்தான் இவாப்பரேட் ஆகும். துணிக்கு ‘டிரை’ என்ற வினை உண்டு. அவர் ‘காய்ந்தது’ என்று தமிழில் சரியாக நினைத்திருக்கிறார், சொல்லைத்தான் மாற்றி எடுத்துவிட்டார்.

இலங்கைப் பாடநூல்களில் சொற்கள் வேறாக இருக்கின்றனவே?

ஆவியாதல் இரு பக்கமும் ஒன்றே. செடிகள் இலைவழியே நீரை வெளியிடுவதை இங்கே நீராவிப்போக்கு என்கிறோம், இலங்கையில் ஆவியுயிர்ப்பு. ஆவி மீண்டும் நீராவதை இங்கே ஆவி சுருங்குதல் என்றும் அங்கே ஒடுங்கல் என்றும் எழுதுகிறார்கள். செடி மூச்சுவிடுவதாகவே காட்டும் ‘ஆவியுயிர்ப்பு’ என்ற சொல்லை நம் பாடநூல்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் நெடுநாள் விருப்பம்.